சிறுநீரக நோயில் எதிர்ப்பாற்றல் தணிப்பு மருந்துகள்: வட ஆற்காட்டு வரலாறு

மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் ஒதுக்கித் தள்ளாமலிருக்கவும், லூபஸ் போன்ற நோய்களில் உடலின் காப்பணுக்கள் சொந்தச் சிறுநீரகத்தையே தாக்குவதைத் தடுக்கவும் தரப்படுவது எதிர்ப்பாற்றல் தணிப்பு மருந்துமுறை. தமிழ்நாட்டில் இதன் வரலாறு வேலூரில் தொடங்குகிறது. இன்று திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் 1989 வரை, வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. சிறுநீரகம் கெட்டவர்கள் போளூர், கண்ணமங்கலம் வழியாகப் பேருந்து ஏறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போவது இவ்வட்டாரத்தில் நெடுநாள் வழக்கம்.

1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான மாற்று, ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கிடையே நடந்தது. அங்கே மருந்து தேவைப்படவில்லை. பிறருக்கும் இது கைகூட வழி செய்தது, ஹிட்சிங்ஸ், எலியன் குழுவினர் உருவாக்கிய அசதியோபிரின். அதனுடன் பிரட்னிசோலோன் சேர்ந்த கூட்டு 1960களில் நிலைபெற்றது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூரில் நடந்தபோது மருத்துவர்களுக்குத் துணையிருந்தவை இந்த இரண்டு மருந்துகள்தாம்.

நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்த சைக்ளோஸ்போரினை 1978இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் நோயாளிகளுக்குத் தந்தார். 1983இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. மாற்றுச் சிறுநீரகம் நிலைக்கும் வாய்ப்பு மிகவும் உயர்ந்தது. விலையோ நம்மவர் கைக்கு எட்டவில்லை. இந்திய மருத்துவர்கள் பலர் அதை முதல் ஆண்டு மட்டும் கொடுத்து நிறுத்தினார்கள். கல்லீரல் அதைச் சிதைக்கும் வேகத்தைக் குறைக்கும் டில்டியாசெம் அல்லது கீட்டோகோனசோலைச் சேர்த்து, குறைந்த அளவிலேயே பலன் கிடைக்கச் செய்தார்கள். ஏழை நோயாளியை மனத்தில் வைத்துச் செய்த இந்த மருத்துவம், புது மருந்தைக் கண்டுபிடிப்பதற்குக் குறைந்த சாதனை அல்ல.

எதிர்ப்பாற்றலைத் தணித்தால் நம் மண்ணில் முதலில் தலைதூக்குவது காசநோய். வேலூரில் மாற்று செய்துகொண்ட 1,251 பேரை ஆராய்ந்ததில் 166 பேருக்கு, அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு, அது வந்திருந்தது. சிக்கல் அதோடு தீரவில்லை. காசநோயின் தலையாய மருந்தான ரிஃபாம்பிசின், சைக்ளோஸ்போரினைக் கல்லீரல் விரைந்து சிதைக்கச் செய்கிறது. நுரையீரலைக் காக்கப்போய்ச் சிறுநீரகத்தை இழக்க நேரலாம். அதனால் ரிஃபாம்பிசின் இல்லாமல், ஆஃப்லாக்சசின் சேர்த்த மருந்துமுறைகள் இங்கே வகுக்கப்பட்டன.

மாற்று செய்துகொள்ளாதவர்களுக்கும் இம்மருந்துகள் உண்டு. நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோமால் முகம் வீங்கி வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிரட்னிசோலோனுக்கே குணமாகிறார்கள். கடுமையான லூபஸ் நெஃப்ரைட்டிஸுக்குச் சைக்ளோபாஸ்பமைடு நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது. அது கருப்பையின் அருகே உள்ள சினையகத்தைப் பாதித்து மகப்பேற்று வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்பதால், இளம்பெண்களுக்கு அதற்கு மாற்றாக மைக்கோஃபினோலேட் என்னும் மருந்து வந்தது பெரிய ஆறுதல்.

1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 2008இல் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிரும் திட்டத்தைத் தமிழ்நாடு தொடங்கியது. அறுவைச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. எனினும் அறுவை ஒரு நாள் வேலை. எதிர்ப்பாற்றலைத் தணிக்க இன்று தரப்படும் டாக்ரோலிமஸும் மைக்கோஃபினோலேட்டும் சிறுநீரகம் இயங்கும் காலமெல்லாம் வேண்டும். மாத்திரை சில வாரம் தடைபட்டாலே கிரியாட்டினின் ஏறி, நோயாளி மறுபடி டயாலிசிஸுக்குத் திரும்ப நேரிடலாம். அரசு மருத்துவமனைகளில் மாற்று செய்துகொண்டவர்களுக்கு இம்மருந்துகளை மாதந்தோறும் விலையில்லாமல் வழங்குவதையே இத்திட்டங்களின் உயிர்நாடியாகக் கொள்ள வேண்டும்.