எஃகும் சாணைக்கல்லும்

மாணவர்களே, அரசர்களையும் போர்களையும் பற்றிப் பல்லாண்டுகள் பாடம் சொன்னவன் நான். அப்பாடங்களிலெல்லாம் வாள் வரும். வாளைத் தீட்டியவன் வருவதில்லை. அவனைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

முதலில், கூர் என்பது யாது? கத்தியின் இரு பக்கங்களும் சரிந்து வந்து கூடும் கோடே கூர். அக்கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நன்றாகக் கத்தி வெட்டும். அதனை மெல்லியதாக்க எஃகைத் தேய்க்க வேண்டும். தேய்க்கும் பொருள் எஃகைவிடக் கடினமானதாய் இருக்க வேண்டும். இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. மென்மையான இரும்பு விரைவில் கூராகும், விரைவில் மழுங்கும். கடினமான எஃகு நெடுநாள் கூர் நிற்கும். ஆனால் தீட்டுபவனை வருத்தும், பதம் தவறினால் விளிம்பு பொரிந்து உதிரும். கத்தியின் வரலாறு முழுவதும் எஃகுக்கும் கல்லுக்கும் நடந்த போட்டி என்றே சொல்லலாம்.

இங்கிலாந்தில் டான்காஸ்டர் என்னும் ஊரில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளர் இருந்தார். அக்காலத்து எஃகு, இரும்புப் பாளங்களைக் கரியோடு பல நாள் சுட்டுச் செய்யப்பட்டது. அதில் கரி எங்கும் ஒருபடித்தாய்ப் பரவியிராது. அத்தகைய எஃகு கடிகார வில்லுக்குச் சரிப்படவில்லை. ஆதலின் அவர் ஷெபீல்டு நகருக்கு அருகே குடியேறி, 1740-ஆம் ஆண்டையொட்டி, எஃகை மண்மூசையில் இட்டு உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். மூசையில் எஃகு உண்டாக்கும் கலையை நம் கொடுமணலிலும் தென்னிந்தியாவின் பிற இடங்களிலும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த இந்திய எஃகின் கட்டிகள் 1790-களில் இலண்டனை அடைந்தன. ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தித் தொழிலாளர் அதனை மிகவும் மெச்சினார். இளைஞர் மைக்கேல் பாரடே அவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து, 1820-இல் முடிவுகளை வெளியிட்டார். மின்சாரத்தால் புகழ்பெற்ற அதே பாரடேதான்.

ஹண்ட்ஸ்மனின் எஃகை ஷெபீல்டுத் தொழிலாளர்கள் முதலில் தொட மறுத்தனர் என்று சொல்வர். அது மிகக் கடினம், அடிக்கவும் தேய்க்கவும் இயலாது என்பது அவர்கள் குறை. பிரெஞ்சுக்காரர் அதனை வாங்கிக் கத்தி செய்து போட்டிக்கு வந்த பின்னரே மனம் மாறினர். அதன் பின் ஷெபீல்டு கத்தி உலகெங்கும் சென்றது.

கத்தியின் புகழ் எங்கும் பரவியது; தீட்டியவன் நிலை என்ன? ஆற்று நீரால் சுழலும் பெரிய மணற்கல் சக்கரத்தின் பின்னே, குதிரைமேல் அமர்வதுபோல் மரப்பலகையில் அமர்ந்து, குனிந்து, அலகைக் கல்லின்மேல் அழுத்திப் பிடிப்பான். சில வேலைகளில் கல் நீர்த்தொட்டியில் தோய்ந்து சுழலும். சிலவற்றில் உலர்ந்தே சுழலும். நீர் இரண்டு நன்மை செய்தது. ஒன்று, எஃகு சூடேறாமல் காத்தது. தேய்க்கும்போது விளிம்பு நீலநிறம் கொண்டால் ஏறக்குறைய முந்நூறு டிகிரி சென்டிகிரேடு சூடு ஏறிவிட்டது என்று பொருள், கொல்லன் ஊட்டிய பதம் அவ்விடத்தில் போயிற்று. மற்றொன்று, தூசியை அடக்கியது. அவ்விரண்டாவது நன்மை மனித உயிர் பற்றியது.

மணற்கல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணிகளால் ஆனது. அதன் நுண்தூசி நுரையீரலில் படிந்து, அதனைத் தழும்பாக்கி, மூச்சை அடைக்கும். இன்று இதனைச் சிலிக்கோசிஸ் என்கிறோம். அன்று தீட்டுவோர் ஈளை என்றனர். ஷெபீல்டு மருத்துவர் நைட் என்பவரின் கணக்கைக் கேளுங்கள். அந்நகரில் தீட்டுவோர் சுமார் 2,500 பேர். அவர்களுள் முட்கரண்டி தீட்டுவோர் 150 பேர். அவர்களில் 70 பேர் சிறுவர்கள். கல்லை உலர்வாகவே சுழற்றிய இவர்கள் 28 முதல் 32 வயதுக்குள் மாண்டனர். உலர்ந்த கல்லையும் நனைந்த கல்லையும் பயன்படுத்திய சவரக்கத்திக்காரர் 40 முதல் 45 வயதுக்குள் இறந்தனர். நீரிலேயே தீட்டிய உணவுமேசைக் கத்திக்காரருக்கு 40 முதல் 50 வயது. இத்தொழிலில் குடிகாரர்களே அதிக நாள் வாழ்ந்தனர், ஏனெனில் அவர்களே அடிக்கடி வேலைக்கு வராமல் இருந்தவர்கள் என்றும் அவர் எழுதினார். நான் குடிக்குப் பரிந்து பேசவில்லை. அப்பட்டறைக் காற்றின் தன்மை அத்தகையது.

காக்க வழி தேடியவர்களும் இருந்தனர். ஆபிரகாம் என்பவர் காந்தங்களை அமைத்துத் தூசியைப் பிடிக்கும் கருவி ஒன்றைச் செய்து, 1820-களின் தொடக்கத்தில் பரிசும் பெற்றார். காந்தம் இரும்புத்தூளைப் பிடிக்கும், கல்தூசியைப் பிடிக்காது. கொல்வதோ கல்தூசி! பின்னர் விசிறிகளும் குழாய்களும் வந்தபோது தொழிலாளர்களே பலர் அவற்றை மறுத்தனர். சிலர் உடைத்தும் எறிந்தனர். தொழிலில் ஆபத்து நீங்கினால் புதியவர்கள் பெருகுவர், கூலி குறையும் என்பது அவர்கள் அச்சம். இதனை நான் வகுப்பில் அறியாமை என்றே நெடுங்காலம் சொல்லி வந்தேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். அவர்கள் கணக்குப் போட்டே முடிவு செய்தனர். அத்தகைய கணக்கைப் போடவைத்த வறுமையைத்தான் நான் குறைகூறியிருக்க வேண்டும்.

விடிவு ஓரளவு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்டு ஆச்சிசன் என்பவர், களிமண்ணையும் கற்கரித்தூளையும் மின்சார வெப்பத்தில் காய்ச்சினார். அவர் நாடியது செயற்கை வைரம். கிடைத்தது சிலிக்கன் கார்பைடு. அதற்குக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார். வைரம் அன்று எனினும், குவார்ட்ஸைவிட மிகக் கடினமானது. இத்தகைய செயற்கைக் கற்கள் மணற்கல்லின் இடத்தைப் பிடித்தபோது, சட்டங்களும் காற்றிழுக்கும் விசிறிகளும் துணைநிற்க, ஈளை நோய் தணிந்தது. நம் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இல் தோன்றியது.

செயற்கைக் கல்லுக்கு வேறொரு தேவையும் இருந்தது. 1868-இல் மஷெட் டங்ஸ்டன் கலந்த எஃகைச் செய்தார். 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கிய எஃகு, செஞ்சூட்டிலும் கூர் மழுங்காமல் இரும்பைச் சீவிக் காட்டியது. இவற்றின் வழிவந்த கருவி எஃகுகள் சிலவற்றில் வனேடியம் கார்பைடு மணிகள் உள்ளன. அவை குவார்ட்ஸைவிடக் கடினமானவை. பழைய மணற்கல் அவற்றைச் சுற்றியுள்ள எஃகைத்தான் தேய்க்கும். ஆதலின் அத்தகைய கத்திக்கு வைரத்தூள் பதித்த தகடே ஏற்றது. முரட்டுக் கல்லில் தொடங்கி, நுண்கல்லுக்கு மாறி, பக்கத்துக்குப் பதினைந்து இருபது பாகை சரிவு மாறாமல் தேய்த்து, எதிர்ப்பக்கம் எழும் மெல்லிய பிசிறைத் தோல்வாரில் நீக்கிவிட்டால் போதும். அவசரமே பகை.

ஈளை உலகை விட்டு நீங்கிற்று என எண்ணிவிடாதீர்கள். மத்தியப் பிரதேசத்து மந்தசௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர்கள் இதே தூசியால் இளவயதில் மாண்டதை நம் நாட்டு மருத்துவர்களே ஆராய்ந்து எழுதியுள்ளனர். எழுத்துக் கற்பிக்கும் குச்சி! நாற்பதாண்டு ஆசிரியத் தொழிலில் எத்தனை பெட்டிக் குச்சிகளைப் பிரித்துக் கொடுத்திருப்பேன்!

என் சிறுவயதில் எங்கள் தெருவுக்குச் சாணை பிடிப்பவர் ஒருவர் வருவார். மிதிகட்டையைக் காலால் மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றி, அரிவாள்மணையை அதில் வைப்பார், பொறி பறக்கும். பிள்ளைகள் நாங்கள் சுற்றி நின்று கைதட்டுவோம். அவர் எப்போதும் தோளிலிருந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிய பிறகே சக்கரத்தை மிதிப்பார். ஏன் கட்டுகிறீர்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.