இடங்களின் எண்ணிக்கை மட்டும் போதுமா? மருத்துவப் பணியாளர் திட்டமிடலில் பாவனை மாதிரிகள்

மருத்துவக் கல்லூரியில் இன்று ஓர் இடத்தைக் குறைத்தால், அதன் விளைவு நோயாளியைத் தொட ஆறு ஆண்டுகளாவது ஆகும். கூட்டினாலும் அப்படியே. இந்தக் காலத் தாமதத்தில்தான் திட்டமிடுவோர் இடறுகிறார்கள். பல முடிவுகளை ஒருசேர ஓட்டிப் பார்க்கும் ஒத்திகைக் களமாகப் பாவனை மாதிரிகளைக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குக் கனடாவின் தொண்ணூறுகளைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1991-இல் மோரிஸ் பேரர், கிரெக் ஸ்டோடார்ட் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் கனடிய அரசுகளுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். அதில் 53 பரிந்துரைகள் இருந்தன. அவை ஒன்றையொன்று சார்ந்தவை. அரசுகள் பளிச்சென்று கையில் எடுத்ததோ மாணவர் சேர்க்கையை 10 விழுக்காடு குறைக்கும் பரிந்துரையை. 1993-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதே காலத்தில், ஓராண்டுப் பயிற்சி முடித்துப் பொது மருத்துவராகும் வழியும் அடைபட்டது. குடும்ப மருத்துவத்துக்கு ஈராண்டுப் பயிற்சி கட்டாயமானது. வெளிநாட்டில் படித்த மருத்துவர்களின் வரவும் சுருங்கியது. பத்தாண்டு முடிவதற்குள், மருத்துவர்கள் மிகை என்ற பேச்சு போய்ப் பற்றாக்குறை என்ற பேச்சு வந்துவிட்டது.

பழி முழுவதும் சேர்க்கைக் குறைப்பின் மேல் விழுந்தது. ஆய்வாளர் பெஞ்சமின் சான் 2002-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் காட்டியது: பயிற்சிக்காலம் நீண்டதன் பங்கே பெரிது. ஏன் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஆண்டுக்கு 1,000 பேர் பணிக்கு வருகிறார்கள் என்று கொள்வோம். பயிற்சியை ஓராண்டு நீட்டினால், ஓர் ஆண்டின் வரவு முழுவதும் நின்றுபோகும்; 1,000 பேர் இழப்பு. சேர்க்கையில் 10 விழுக்காடு குறைத்தால் ஆண்டுக்கு 100 பேர்தான் குறைவர். அதே இழப்பை எட்டப் பத்தாண்டுகள் பிடிக்கும். அதுவும் உடனே தொடங்காது: நான்காண்டுப் படிப்பில் 1993-இல் சேர்ந்தவர்கள் 1997-இல்தான் பட்டம் பெறுவர். மருத்துவர்களின் இருப்பையும் வரவையும் விலகலையும் ஆண்டுவாரியாக ஓட்டும் எளிய மாதிரியே இதை முன்கூட்டிக் காட்டியிருக்கும். இரு முடிவுகளும் தனித்தனி மேசைகளில் எடுக்கப்பட்டதே கேட்டுக்குக் காரணம் என்பது என் துணிபு.

இதற்கு மாறாக, நெதர்லாந்தில் 1999-இல் மருத்துவப் பணியாளர் திட்டமிடலுக்கென்றே ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. பயிற்சி இடங்கள் எத்தனை வேண்டும் என்று அது அரசுக்கு அறிவுரை கூறுகிறது. மாதிரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தரவுகளோடு மறுபடி ஓட்டுகிறது. தலைகளை மட்டும் எண்ணாமல், பகுதிநேர உழைப்பை அதற்கு ஈடான முழுநேரப் பணி அளவாக மாற்றிக் கணக்கிட்டுக்கொள்கிறது. கணிப்பு பிசகினாலும் அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ள வழியுண்டு.

எந்த மாதிரியிலும் வலுக்குறைந்த இடம் தேவைப் பக்கம்தான். இன்று மருத்துவமனைக்கு வருவோரை வைத்தே நாளைய தேவையை அளந்தால், மருத்துவரே இல்லாததால் வராமல் இருப்பவர்கள் கணக்கில் விழமாட்டார்கள். மலையூர்களும் ஏழைகளும் இப்படித்தான் விடுபடுகிறார்கள். இதைச் சிறு குறையென்று தள்ள முடியாது.

ஆகவே, மருத்துவ இடங்களைக் கூட்டவோ குறைக்கவோ முனையும் அரசு, தன் மாதிரியையும் அதன் அனுமானங்களையும் முடிவெடுக்கும் முன்பே பொதுவில் வைக்க வேண்டும்.