எட்டயபுரம் ஈந்த இசைச்செல்வம்

மானிப்பாய்ப் பிள்ளைகள் இன்று பயிலும் முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனங்கள் அழியாது நம் கைக்கு வந்ததில், தென்பாண்டி நாட்டு எட்டயபுரம் ஜமீனுக்குப் பெரும்பங்கு உண்டு.

தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அங்கே அரண்மனை வித்துவானாய் விளங்கினார். தீட்சிதரும் தம் இறுதி நாட்களை அவ்வூரிலேயே கழித்து, 1835இல் மறைந்தார். பாலுசாமியின் மகள்வழிப் பேரரும் தத்துப் புதல்வருமான சுப்பராம தீட்சிதரை அந்த ஜமீனே ஆதரித்தது.

குடும்பச் சொத்தாய்ப் போற்றிய கீர்த்தனங்களை வெளியிட அவர் முதலில் தயங்கினார். சின்னசாமி முதலியார் வேண்ட, ஜமீன்தாரும் வற்புறுத்த, இசைந்து சுரதாளக் குறிப்புகளோடு எழுதினார். ஜமீன்தார் பொருளுதவ, 1904இல் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ தெலுங்கெழுத்தில் அச்சேறியது. தீட்சிதரின் இருநூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனங்கள் அதில் உள.

பொன்னும் பட்டும் பெற்றவரோடு முடியும். அச்சேறிய இசையோ அனைவர்க்கும் உரியதாயிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது, நூல் நிலைத்தது.