குறியீட்டு இணைப்பு (பதிவிறக்க அடைவுகளில்)

கோப்பொன்றின் உள்ளடக்கத்தைத் தன்னகத்தே கொள்ளாது, அது இருக்கும் பாதையை மட்டும் எழுத்தாகத் தாங்கி நிற்பது குறியீட்டு இணைப்பு, வழக்கில் சிம்லிங்க். 1983இல் பெர்க்லியிலிருந்து வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. இயங்குதளத்தின் வாயிலாக யூனிக்ஸ் உலகில் பிரசித்தி பெற்றது.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தபோது, தோல் பதனிடுவோர்க்கான படிவங்களை மாவட்டவாரியாக அடுக்கிய தளமொன்று இருந்ததெனக் கொள்வோமாயின், அதன் ‘வேலூர்/ஆம்பூர்’ அடைவு ‘திருப்பத்தூர்/ஆம்பூர்’ என இடம்பெயர வேண்டியதாகும். ஆயினும், பழைய முகவரியைக் குறித்து வைத்துள்ள தொழிற்சாலைக் குமாஸ்தா வெறுங்கையோடு திரும்பலாகாது என்பதற்காக, பழைய இடத்தில் புதியதைச் சுட்டும் இணைப்பொன்றை விட்டுவைப்பதே தர்மம்.

பெருஞ்சங்கடம் விளைவிப்பன, அடைவினுள் முன்பே இருந்த இணைப்புகளாம். ‘../பொது/படிவம்’ எனச் சார்புப் பாதையில் எழுதப்பட்டது, இடம்பெயர்ந்த கணமே வேலூரின் பொது அடைவை விடுத்து, இல்லாத திருப்பத்தூர்ப் பொது அடைவைத் தேடி அறுந்துபோகும். முழுப்பாதையில் எழுதப்பட்டதோ இம்மாற்றத்தில் பிழைத்து, பின்னர் தளம் முழுவதும் வேறொரு சர்வரில் வேறு பாதைக்குச் செல்லுங்கால் அறும். ஆதலின், பெயர்ப்பதற்கு முன்னரே இணைப்புகள் யாவற்றையும் இலக்குகளுடன் பட்டியலிட்டு வைத்தல் அத்தியாவசியம் என்பதை எத்துணை வற்புறுத்தினும் தகும்.

ஆர்சிங்க் என்னும் கருவி கொண்டு அடைவுகளைப் படியெடுப்போர் உரிய தேர்வை இடாவிடில் இணைப்புகள் விடுபட்டுப்போம். அப்பாச்சி சர்வரில் ‘ஃபாலோசிம்லிங்க்ஸ்’ அனுமதியோ, இணைப்புக்கும் இலக்குக்கும் உரிமையாளர் ஒருவரேயாக வேண்டுமென்னும் கடுமையான அனுமதியோ இருந்தாலன்றி, சரியான இணைப்பும் 403 என்னும் மறுப்பையே தரும்.