பனங்கள்ளு: புதிதாகச் சுவைப்பவருக்கு

வெளிநாட்டிலிருந்து பருத்தித்துறைக்கு வரும் உறவினர்கள், அங்குள்ள சிறிய ஆலைகளின் பியர் வகைகளைப் பற்றி ஆர்வமாகக் கதைப்பார்கள். அவர்களுக்கு நான் எங்கள் பனங்கள்ளை அறிமுகப்படுத்துவேன்.

பியருக்குத் தானியத்தை முளைக்கவைத்து, காய்ச்சி, ஈஸ்ட் சேர்க்க வேண்டும். கள்ளுக்கு எதுவும் சேர்ப்பதில்லை. சீவிய பாளையிலிருந்து முட்டிக்குள் சொட்டும் இனிப்புச் சாறு, இயற்கையான ஈஸ்ட்டால் தானாகவே நொதிக்கிறது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது; அது கருப்பணி.

ஆகவே, கள்ளின் சுவை நேரத்தைப் பொறுத்தது. இறக்கியவுடன் இனிக்கும், சில மணி நேரத்தில் புளிப்பும் வெறியும் ஏறும், மேலும் வைத்திருந்தால் வினாகிரியாகும். புதியவர்கள் காலையில் இறக்கியதை ஒரு பிளாவில் அளவாகச் சுவைப்பது நல்லது. போத்தல் கள்ளு, சூடாக்கி நொதித்தலை நிறுத்தி அடைக்கப்படுவது. அது நாட்பட இருக்கும். ஆனால் மரத்தடிச் சுவை வராது. கள்ளை வடித்தெடுத்தால் சாராயம். அதற்குப் பெயர்பெற்றது வடமராட்சியின் திக்கம் வடிசாலை.

பனை ஆண்டு முழுவதும் சுரப்பதில்லை. பருவம் முடிந்தால் தென்னங்கள்ளுத்தான்.

போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. எஞ்சியவற்றில் ஏறவும் இன்று ஆட்கள் குறைவு. எனவே, சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத் தவறணையிலேயே வாங்குங்கள்; மரமேறியவருக்கு அந்தக் காசு சேரும். ஒரு பனை பாளை தள்ளச் சுமார் 15 ஆண்டுகள் எடுக்கும். 2009இல் போர் முடிந்தபின் நட்ட விதைகள் இப்போதுதான் அந்த வயதை எட்டுகின்றன. அவற்றைச் சீவத் தெரிந்தவர்களும் அப்போது இருக்கவேண்டும்.