டேஷ்போர்டில் ஒரு சூட்டு மீட்டர்

1974ஆம் வருடம் கல்லாறு தாண்டிக் குன்னூர் மலை ஏறும்போது எங்கள் கார் நின்றுவிட்டது. ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. முன்னால் ஆவி கிளம்பிய பிறகுதான் அப்பாவுக்கே தெரிந்தது. ஹெட் வளைந்துவிட்டது. என் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போனது.

எங்கள் காரில் வேகத்துக்கும் பெட்ரோலுக்கும் முள் உண்டு. இஞ்சின் சூட்டுக்குக் கிடையாது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் முள்ளுக்குப் பதில் ஒரு சிவப்பு விளக்குதான். அமெரிக்கர்கள் அதற்கு ‘முட்டாள் விளக்கு’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். காரியம் கெட்ட பிறகு எரியும்!

அதற்கும் முன்னால், 1910களில், பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானியை ரேடியேட்டர் மூடியின் மேலேயே பொருத்தினார்கள். ஓட்டுபவர் கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டே போவார். பிறகுதான் மீட்டர் டேஷ்போர்டுக்கு வந்தது. வர உதவியது, பிரான்சின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைந்த தட்டைக் குழாய். இஞ்சினில் ஈதர் அடைத்த ஒரு குமிழ். அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் மீட்டர் வரை வரும். சூடேறினால் ஈதர் ஆவியின் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் வளைவு நிமிரும், முள் நகரும். முள்ளை நகர்த்த மின்சாரமே வேண்டாம்.

அப்படி ஒன்றை அப்பா வாங்கி வந்தார். டேஷ்போர்டுக்குக் கீழே பட்டை வைத்துத் தொங்கவிடலாம் என்றார் மெக்கானிக். “முழங்கால் இடிக்கும், பார்க்கவும் அசிங்கம்” என்று அப்பா மறுத்துவிட்டார். டேஷ்போர்டை வெட்டவும் மனமில்லை. ரேடியோ வைக்க விட்டிருந்த இடத்தை ஒரு தகடு மூடியிருந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, அதே அளவில் அலுமினியத் தகடு வெட்டினார். மீட்டருக்கு 52 மில்லிமீட்டர் துளை. கம்பி ரம்பத்தால் கொஞ்சம் சிறியதாக அறுத்து, அரைவட்ட அரத்தால் ராவி ராவி அளவுக்குக் கொண்டுவந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. குமிழைத் திருக ஒரு பித்தளை இணைப்பை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம்.

செம்புக் குழாயை வெட்டவோ மடக்கவோ கூடாது. ஈதர் போனால் மீட்டர் செத்தது. மிச்ச நீளத்தைச் சுருட்டிக் கட்டினார். இஞ்சின் பக்கத் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டார். இல்லாவிட்டால் வண்டி அதிர்வில் தகட்டின் விளிம்பே குழாயை அறுத்துவிடும்.

அடுத்த முறை மலை ஏறியபோது அம்மா வெளியே பார்க்கவேயில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

1983இல் காரை விற்றபோது அப்பா பழைய தகட்டையே திரும்ப மாட்டிக் கொடுத்தார். மீட்டர் என் அலமாரியில் இருக்கிறது. போன வாரம் குமிழை வெந்நீரில் வைத்தேன், முள் எழுந்தது.