பினாங்கில் குடிக்கூலிச் சட்டமும் முதியோர் நிலையும்

வீட்டு வாடகையைக் குடிக்கூலி என்பது பழைய வழக்கு. உழைத்து ஓய்ந்தவனுக்கு வரும் கூலி நின்றுவிடுகிறது. அவன் கொடுக்கவேண்டிய குடிக்கூலியோ நிற்பதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே முதியோர் படும் இடர்ப்பாட்டைப் பினாங்கு ஜார்ஜ் டவுன் நகரின் வரலாறு நன்கு காட்டுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் மலாயா நகரங்களில் வீட்டுப் பஞ்சம் மிகுந்திருந்தது. எனவே 1948-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. பின்னர் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்கு அது பொருந்தும். வீட்டுக்காரர் தம் விருப்பம்போல் வாடகையை உயர்த்தவோ குடியிருப்போரை வெளியேற்றவோ இயலாது. பினாங்கில் இத்தகைய கட்டடங்கள் 12,000-க்கு மேல் இருந்தன.

இச்சட்டத்தின் நிழலில் எளியோர் பலர் வாழ்ந்தனர். கீழே கடை, மேலே தடுப்பறைகள் என்பது பழைய கடைவீடுகளின் அமைப்பு. 1951-இல் தோன்றிய ஊழியர் சேமநிதியில் 55 வயதில் பெறும் தொகை பெரிதன்று. வாடகை சிறிதாயிருந்தமையால் அத்தொகை சில ஆண்டுகள் தாங்கியது. கோயிலும் பள்ளிவாசலும் சந்தையும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன.

எனினும் மறுபக்கமும் உண்டு. கிடைத்த வாடகை பழுதுபார்க்கவும் போதாமையால் கூரைகள் ஒழுகின, மரத்தளங்கள் உளுத்தன. தலைமைக் குடியிருப்பாளர் சிலர் அறைகளை அதிக வாடகைக்கு உள்வாடகை விட்டனர். குடியுரிமையைக் கைமாற்றத் ‘தேநீர்ப் பணம்’ பெறுவோரும் இருந்தனர். வீட்டுக்காரருள்ளும் அவ்வாடகையையே நம்பிய முதியோர் உண்டு என்பதை மறத்தலாகாது.

1997-இல் சட்டத்தை நீக்க முடிவாயிற்று. 1999 டிசம்பர் 31 வரை தவணை அளிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் கட்டுப்பாடு ஒழிந்தது. பல இடங்களில் வாடகை பன்மடங்காயிற்று. உழைக்கும் வயதினர் வேறிடம் தேடினர். முதியோர் சிலர் மக்கள் வீட்டில் ஒதுங்கினர். சிலர் ஓர் அறைக்குள் சுருங்கினர். சிலர் தொலைவிலுள்ள அடுக்குமாடிகளுக்குச் சென்று, பழகிய அண்டை அயலை இழந்தனர். குடியிருப்போர் அமைப்பொன்று அவர்களுக்காகக் குரல் கொடுத்தது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. கடைவீடுகள் பல விடுதிகளாயின. சுவர்களுக்குக் காப்புக் கிடைத்தது. அவற்றினுள் வாழ்ந்தோர் பலர் அதற்கு முன்பே சென்றுவிட்டனர்.

சிங்கப்பூரிலும் 1947-இல் வந்த கட்டுப்பாடு 2001-இல் நீங்கியது. ஆயினும் 1960-இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அதற்குள் மக்களுள் பெரும்பாலோர்க்கு வீடு கட்டித் தந்திருந்தது. ஆகவே அங்கு அதிர்ச்சி குறைவு.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? எளியோர்க்கு இல்லம் அளிக்கும் பொறுப்பு பொதுவானது. பினாங்கில் அரை நூற்றாண்டு அச்சுமையை வீட்டுக்காரர் தலையில் ஏற்றினர். பின்னர் ஒரே நாளில் குடியிருப்போர் தலைக்கு மாற்றினர். இருமுறையும் பொதுப்பணம் தன் பங்கைப் போதிய அளவு ஏற்கவில்லை. இரண்டாண்டுத் தவணை சட்டத்தை மாற்றப் போதும். எழுபது வயதில் வாழ்வை மாற்றப் போதாது. வாடகையை விடுவிக்கும் எந்த நாடும், முதலில் முதியோர்க்குக் கூரை தேடித்தருதல் வேண்டும்.